முப்பதாவது வாரத்தில் வரும் வலி

குறைமாதத்தில் வலி கண்டு வைத்தியசாலைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் அந்த வாரம் பிள்ளை பெறுவதில்லை. மருத்துவரே சோதித்துப் பார்த்து இது பிரசவ வலிதான் என்று எழுதிய பெண்களிலும், ஏழு நாளுக்குள் பெறுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் கணக்கு. வாட்டில் சேர்க்கப்பட்டவர்களில் பாதிப் பேர் மாதம் நிறைந்துதான் பெறுகிறார்கள். உண்மையிலேயே பெறப்போகும் அந்தச் சிலரை மட்டும் முன்கூட்டி இனங்காண முடியுமா என்று மகப்பேற்று மருத்துவம் நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறது. புள்ளிப் பட்டியல்கள் வந்தன, வலியை எண்ணும் கருவிகள் வந்தன, பஞ்சுக்குச்சிச் சோதனைகளும் ஸ்கேன் அளவுகளும் வந்தன, இப்போது கணினிக் கணிப்புகள் வருகின்றன. இந்த வரலாற்றை இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்து றக்வானத் தேயிலைத் தோட்டங்களில் இருந்துகொண்டு வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: லண்டனில் நல்ல சோதனை என்று பேர் வாங்கியது இங்கே வந்ததும் நல்ல சோதனையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனையின் மதிப்பில் பாதியைத் தீர்மானிப்பது வீதி.

காலியிலிருந்து தெனியாய வழியாக மலையேறி, புலுத்தோட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, றக்வானையைத் தொட்டு மாதம்பைச் சந்தியில் முடிகிறது ஏ-17 வீதி. அங்கிருந்து ஏ-18 இல் கஹவத்தை, பெல்மதுளை. பெல்மதுளையில் ஏ-4 ஐப் பிடித்தால் இரத்தினபுரி. மொத்தம் 40 கிலோமீட்டருக்கு மேல். கொழும்புக்காரருக்கு இது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் கணக்குத் தொடங்குவது றக்வான டவுனில் இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். லயத்திலிருந்து தோட்ட ரோட்டில் இறங்கி டவுனுக்கு வருவதற்கே த்ரீவீலர் கிடைக்க வேண்டும், மழை விட வேண்டும், கையில் காசு இருக்க வேண்டும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மே மாதத்துத் தென்மேல் மழையில் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இராத்திரி வலி வந்தால், அதை உண்மையான வலியா என்று கேட்பதோடு சேர்த்து, கீழே இறங்க வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மகப்பேற்று நிபுணர் வேண்டுமென்றால் கஹவத்தை, பலாங்கொடை ஆதார வைத்தியசாலைகள் உண்டு. எம்பிலிப்பிட்டியில் மாவட்டப் பொது வைத்தியசாலை, இரத்தினபுரியில் போதனா வைத்தியசாலை. ஆயிரம் கிராம் எடையோடு பிறக்கும் பிள்ளைக்கு மூச்சு கொடுத்துப் பிழைக்க வைக்கும் வசதி இந்த ஏணியின் மேல்படியில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தன. ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட மரணங்களுக்கு இன்று முதல் காரணம் இதுதான். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன, தோட்டத்திலும் அப்படித்தான். ஆக, பிரச்சினை வைத்தியசாலைக்கு வராமல் இருப்பதில் இல்லை. சரியான வைத்தியசாலைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருவதில் இருக்கிறது.

முதல் கணிப்பு லயத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மாமியாரோ பக்கத்துக் காம்பிரா அக்காவோ வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இது சூட்டு வலி, சீரகத் தண்ணி குடித்துப் படு என்பார்கள். பத்தில் ஒன்பது முறை அவர்கள் சொல்வது சரியாகவே முடியும், ஏனென்றால் பத்தில் ஒன்பது வலி அந்த வாரம் பிரசவத்தில் முடியாது. இந்த வெற்றி விகிதம்தான் ஆபத்தானது. எதுவும் ஆகாது என்று சொல்பவர் எப்போதும் நல்ல கணிப்பாளராகத் தெரிவார். இதனோடு ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்ற நம்பிக்கையும் ஒட்டியிருக்கிறது. கிரேக்க மருத்துவ நூல்கள் காலத்திலிருந்தே உலகின் பல மூலைகளில் இருக்கும் நம்பிக்கை இது; உண்மை நேர் எதிர். 28 வாரத்துப் பிள்ளையைவிட 32 வாரத்துப் பிள்ளைக்கும், அதைவிட 35 வாரத்துப் பிள்ளைக்கும் உயிர் வாய்ப்பு அதிகம், கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் லாபம்.

எந்தக் கணிப்புக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டியது இப்போது எத்தனையாவது வாரம் என்பது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்பவர்கள் மேலைநாட்டு ஆய்வுகளை மட்டும் வாசிப்பவர்கள். கடைசி மாதவிலக்குத் திகதி தெரியாத பெண்ணுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் பிழை ஒரு வாரத்துக்குள் நிற்கும். எட்டாம் மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம்கூட முன்பின் போகலாம். தோட்டப் பகுதிகளில் எடை குறைந்த பிறப்பு நாட்டுச் சராசரியைவிட நெடுங்காலமாகவே உயர்வு. அந்தப் பிள்ளைகளில் பலர் குறைமாதப் பிள்ளைகளே இல்லை. மாதம் நிறைந்தும் வயிற்றில் வளர்ச்சி குன்றியவர்கள். இப்போது நாடாவால் வயிற்றை அளந்து 32 வாரம் என்று எழுதினால், அது 32 வாரத்துப் பிள்ளையா, 36 வாரத்துச் சிறிய பிள்ளையா? முதலாவது என்றால் வலியை நிறுத்த மருந்து கொடுத்து, பிள்ளையின் நுரையீரலை முதிர வைக்கும் ஊசி போட்டு, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது என்றால் அந்த வலியைத் தடுப்பதே தவறாகலாம், பிள்ளை வெளியே வந்தால்தான் அதற்கு நல்லது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்று, சிகிச்சை எதிரெதிர். இலங்கைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் எச்-512 அட்டையில் குடும்பநல உத்தியோகத்தர் முதல் வருகையிலேயே எழுதும் திகதி, பிறகு வரும் எந்த விலையுயர்ந்த சோதனையைவிடவும் கூடுதல் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். கலண்டர் பிழைத்தால் மற்ற எல்லாமே பிழைக்கும்.

சரி, வாரம் தெரியும், வலியும் இருக்கிறது. பிறகு?

1980 களில் முதலில் வந்தவை ஆபத்துப் புள்ளிப் பட்டியல்கள். முன்பு குறைமாதத்தில் பெற்றவளா, இரட்டைப் பிள்ளையா, வயது குறைவா, சிறுநீர்த் தொற்று உண்டா, வேலை கடினமா என்று கேட்டுப் புள்ளி போட்டார்கள். ஆனால் குறைமாதத்தில் பெற்றவர்களில் பெரும்பகுதியினர் குறைந்த புள்ளி எடுத்தவர்களாகவே இருந்தார்கள், முதல் பிள்ளைக்காரிக்குச் சொல்வதற்கு முன்வரலாறே இல்லை. கடின வேலைக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2000 ஆம் ஆண்டில் 29 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உடல் உழைப்பு மிகுந்த வேலை ஆபத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டுகிறது என்று வந்தது. தொடர்பு உண்மை, அளவு மிதமானது. கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கும் வேலையை இலகுவாக்க இது நியாயமான காரணம். ஆனால் தோட்டத்தில் எல்லாப் பெண்ணும் அந்த வேலைதான் செய்கிறாள் என்னும்போது, இவளா அவளா என்று பிரித்துக் காட்ட அது உதவாது.

அடுத்து வலியை எண்ணத் தொடங்கினார்கள். வீட்டிலேயே வயிற்றில் கட்டிக்கொள்ளும் கருவி, அதை நாள்தோறும் தொலைபேசியில் கேட்கும் தாதி என்று அமெரிக்காவில் பெரிய வியாபாரமாக நடந்தது. 1998 இல் 2,422 பெண்களை வைத்து நடந்த பரிசோதனையில், கருவி கட்டியவர்களுக்கும் வாரம் ஒருமுறை தாதியோடு பேசியவர்களுக்கும் விளைவில் வித்தியாசம் தெரியவில்லை. 2002 இல் வந்த இன்னொரு ஆய்வு, வலியின் எண்ணிக்கை கூடும்போது ஆபத்தும் கூடுகிறது, ஆனால் அதை வைத்து எந்த ஒரு பெண்ணையும் கணிக்க முடியாது என்று கதையை முடித்துவைத்தது. மணிக்கு நாலு வலி வந்தால் ஓடி வா என்று இன்றும் சொல்கிறோம். ஓடி வரச் சொல்வதற்கு அது போதும், அதற்கு மேல் எதற்கும் போதாது.

1991 இல் சார்ள்ஸ் லொக்வுட் குழுவினர் வெளியிட்ட ஆய்வோடு ஃபைப்ரோனெக்டின் காலம் தொடங்கியது. பிள்ளையைச் சுற்றியிருக்கும் சவ்வையும் கருப்பையின் உட்சுவரையும் ஒட்டவைத்திருக்கும் புரதம் இது. நடுக் கர்ப்ப காலத்தில் யோனித் திரவத்தில் இது தென்படக்கூடாது. தென்பட்டால் எங்கேயோ ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது. பஞ்சுக்குச்சியில் திரவத்தை எடுத்து, ஒரு மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம் என்ற எல்லையை வைத்து உண்டு, இல்லை என்று சொல்வார்கள். 1995 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 64 ஆய்வுகளைத் திரட்டிய மதிப்பீடு ஒன்று, வலியோடு வந்த பெண்களில் ஏழு முதல் பத்து நாளுக்குள் பெறுவதைக் கணிக்க இந்தச் சோதனையின் பலம் எவ்வளவு என்று அளந்தது. உண்டு என்று வந்தால் ஆபத்தின் சாதகம் (பெறுவோருக்கும் பெறாதோருக்கும் உள்ள விகிதம்) 5.42 மடங்காக ஏறுகிறது, இல்லை என்று வந்தால் நாலில் ஒன்றாக இறங்குகிறது.

இந்த எண்களை நூறு பெண்கள் மீது வைத்துப் பார்க்க வேண்டும். நூறு பேரில் எட்டுப் பேர் ஒரு வாரத்துக்குள் பெறுவார்கள் என்று எடுத்துக்கொள்வோம். சோதனை இல்லை என்று சொன்ன பெண்ணின் ஆபத்து நூற்றுக்கு எட்டிலிருந்து இரண்டாக இறங்கும். உண்டு என்று சொன்ன பெண்ணின் ஆபத்து முப்பது சொச்சத்துக்கு ஏறும். அதாவது உண்டு என்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் அந்த வாரம் பெறமாட்டார்கள். இந்தச் சோதனை யார் பெறுவார் என்று சொல்வதில் சுமார், யார் பெறமாட்டார் என்று சொல்வதில் கெட்டி. பின்னால் வந்த ஆக்டிம் பார்ட்டஸ், பார்ட்டோஷுவர் போன்ற சோதனைகள் வேறு புரதங்களைத் தேடுகின்றன, விந்து, சிறுநீர் போன்றவற்றால் அவ்வளவாகக் குழம்புவதில்லை என்கிறார்கள். 2018 இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் அவற்றைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று ஒதுக்கிவைத்தது. எல்லாவற்றிலும் குணம் ஒன்றுதான்: இல்லை என்பதில் பலம்.

பெரிய நகரத்தில் இந்த "இல்லை" தங்கம். பெண்ணை வீட்டுக்கு அனுப்பலாம், கட்டில் காலியாகும், தேவையில்லாத ஊசி மிச்சம். மறுபடி வலி கூடினால் கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடுவாள். றக்வானத் தோட்டத்திலிருந்து வந்த பெண்ணை அதே "இல்லை"யோடு மலைக்கு மேலே அனுப்பினால், நூறில் அந்த இரண்டு பேர் திரும்பி வரும் வழி எப்படி இருக்கும்? லண்டனில் இரண்டு சதவீதம் என்பதும் இங்கே இரண்டு சதவீதம் என்பதும் ஒரே எண். விலை ஒன்றில்லை.

சோதனை எடுக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு, இதை ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடும். பஞ்சுக்குச்சியை விரலால் சோதிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். முந்தைய 24 மணித்தியாலத்தில் உடலுறவு இருந்தால், இரத்தக் கசிவு இருந்தால், ஜெல் பட்டிருந்தால் முடிவை நம்ப முடியாது. தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து டவுன் வைத்தியசாலை, அங்கிருந்து ஆதார வைத்தியசாலை, பிறகு இரத்தினபுரி என்று ஏறி வரும் பெண்ணை ஒவ்வொரு படியிலும் ஒருவர் கைவிட்டுப் பார்த்திருப்பார். கடைசிப் படியில் சோதனைப் பெட்டி இருந்தாலும் அதற்குள் அதன் தகுதி போய்விடும். அடுத்தது அந்தக் கேள்வி: நேற்று கணவரோடு சேர்ந்தீர்களா? இரத்தினபுரி அடங்கும் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒரே பரப்பாகக் கிடப்பவை இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை, ஆகவே வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் ஊழியர் அரிது. அந்தக் கேள்வியைச் சிங்களத்தில் கேட்டு, கூட வந்த மைத்துனனோ வாட்டைக் கூட்டும் அம்மாவோ தமிழாக்கிச் சொன்னால், எந்தப் பெண் ஆம் என்பாள்? இந்த மொழிபெயர்ப்பாளர் எந்த ஆய்வின் கணக்கிலும் வருவதில்லை.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் நம்பிக்கை தருவது கருப்பை வாயின் நீளத்தை அளப்பதுதான். யோனி வழியாக வைக்கும் ஸ்கேன் முனையால் அளக்கும்போது நீளம் போதுமானதாக இருந்தால், வலி எவ்வளவு இருந்தாலும் பிள்ளை இப்போதைக்கு வருவது மிக அரிது. 2003 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலைக் குழுவினர், 24 முதல் 36 வாரத்துக்குள் ஒழுங்கான வலியோடு வந்த 216 பெண்களை அளந்தார்கள். 15 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்த 43 பேரில் 16 பேர் ஏழு நாளுக்குள் பெற்றார்கள். 15 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் இருந்த 173 பேரில் ஒரே ஒருவர் பெற்றார். ஒரு குழுவின் சிறிய ஆய்வு என்ற எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், அந்த 173 இல் ஒன்று என்ற கணக்கு அலட்சியம் செய்யக்கூடியதில்லை. 2015 இல் நைஸ் வெளியிட்ட வழிகாட்டி இதே 15 மில்லிமீற்றரை எல்லையாக வைத்தது; ஸ்கேன் வசதி இல்லாவிட்டால் மட்டும் ஃபைப்ரோனெக்டின் பார்க்கச் சொன்னது; இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்றது. நெதர்லாந்தில் மாறாக, நீளம் 15 க்கும் 30 க்கும் இடையில் தடுமாறும் பெண்களுக்கு மட்டும் ஃபைப்ரோனெக்டினைச் சேர்த்துப் பார்க்கும் முறையைச் சோதித்தார்கள். கருத்து வேறுபாடு நடுப்பகுதியில்தான். இரு முனைகளில் இல்லை.

இதன் நல்ல குணம் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டியதில்லை என்பது. ஒருமுறை வாங்கிய ஸ்கேன் முனையும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் பல வருடம் உழைக்கும். கெட்ட குணம், கை தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அளவு பொய் சொல்லும், முனையை அழுத்திப் பிடித்தால் வாய் நீளமாகத் தெரியும். இடைநிலை வைத்தியசாலைகளில் இராத்திரி பத்து மணிக்கு அந்தக் கை இருக்குமா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். சோதனைப் பெட்டி வாங்குவதா, இரண்டு மருத்துவர்களுக்கும் ஒரு தாதிக்கும் அளக்கப் பழக்குவதா என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரு சதவீதம் சொல்லும் கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் குவிப் என்ற செயலி முன்வரலாறு, ஃபைப்ரோனெக்டினின் சரியான அளவு, கருப்பை வாய் நீளம் ஆகியவற்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெறும் வாய்ப்பைக் கணிக்கும். கணிப்பு நல்லது. ஆனால் 2021 இல் வெளியான பரிசோதனை, செயலியைப் பாவித்த வைத்தியசாலைகளில் தேவையற்ற அனுமதிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே காட்டியது. எண் கையில் இருந்தாலும் இராத்திரி வேளையில் மருத்துவர் பயந்தால் சேர்த்துக்கொள்ளவே செய்வார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணினிக் கணிப்பில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். வயிற்றில் மின்முனை ஒட்டிக் கருப்பைத் தசையின் மின்துடிப்பைப் பதியும் முறை ஒன்று உண்டு. ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் சேகரித்த 300 பதிவுகள் யாரும் பாவிக்கலாம் என்று திறந்துவிடப்பட்டன. 262 மாதம் நிறைந்தவை, 38 குறைமாதம். உலகெங்கும் பல குழுக்கள் இதை எடுத்து, 95, 99 சதவீதம் சரியாகக் கணிக்கிறோம் என்று எழுதித் தள்ளின. 2021 இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழுவினர் அவற்றை மீண்டும் செய்து பார்த்தார்கள். குறைமாதப் பதிவுகள் 38 மட்டும் என்பதால், முன்பு எழுதிய குழுக்கள் அவற்றைப் போலச் செயற்கைப் பதிவுகளை உருவாக்கி எண்ணிக்கையைச் சமப்படுத்தியிருந்தார்கள். அதைப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பதிவுகளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள். கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்த மாணவனின் புள்ளிதான் அந்த 99. வரிசையைச் சரிசெய்ததும் கணிப்பு சரிந்து விழுந்தது. இதேபோல 2018 இல் ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் தாயின் இரத்தத்தில் மிதக்கும் ஆர்என்ஏ துண்டுகளிலிருந்து குறைமாதத்தை முன்னறியலாம் என்று வெளியிட்டபோது பத்திரிகைகள் கொண்டாடின. ஆராய்ந்தது சில டசின் பெண்களை. வழி நல்ல வழியாக இருக்கலாம், அது றக்வானைக்கு வந்து சேர நெடுங்காலமாகும்.

கணித்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதுவும் செய்ய முடியாவிட்டால் கணிப்புக்கு வேலை இல்லை. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கிரகம் லிகின்ஸ், செம்மறியாட்டுக் குட்டிகள் எதிர்பாராமல் குறைமாதத்திலும் மூச்சு விட்டதைக் கவனித்து, ரொஸ் ஹவியோடு சேர்ந்து 282 தாய்மாரில் செய்த பரிசோதனையை 1972 இல் வெளியிட்டார். ஸ்டீரொய்ட் ஊசி பிள்ளையின் நுரையீரலை விரைவாக முதிர வைக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. முதல் ஊசியிலிருந்து 24 மணித்தியாலம் கழிந்து, ஏழு நாளுக்குள் பிள்ளை பிறந்தால்தான் முழுப் பலன். குறைமாதக் கணிப்பில் ஏழு நாள் என்ற எல்லைக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் இந்த ஊசிதான். நிஃபெடிபின் மாத்திரை வலியைச் சுமார் இரண்டு நாள் தள்ளிப்போடும். அந்த இரண்டு நாள் ஊசிக்கும் பயணத்துக்கும். மிகக் குறைந்த வாரங்களில் மக்னீசியம் சல்ஃபேட் பிள்ளையின் மூளையைக் காக்கும்.

ஊசி மலிவு, நல்லது, ஆகவே சந்தேகம் வந்த எல்லாருக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்படித்தான் ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் செய்து பார்த்தார்கள், இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உண்டு. 2015 இல் வந்த முடிவு எல்லாரையும் உலுக்கியது: ஊசி பரவலான இடங்களில் சிசு மரணம் ஆயிரத்துக்கு மூன்றரை கூடியிருந்தது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியிருந்தது. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் குறைமாதத்தில் பெறவே இல்லை. வாரம் சரியாகத் தெரியாத இடத்தில், பிரசவம் நெருங்காத பெண்ணுக்கு, நோய்த்தொற்றைப் பாராமல், பிறந்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத இடத்தில் போட்டால் நல்ல மருந்தும் இப்படித்தான். பிறகு உலக சுகாதார நிறுவனம் பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வசதியுள்ள வைத்தியசாலைகளில், 26 முதல் 34 வாரத்துக்குட்பட்ட 2,852 பெண்களில் கவனமாக நடத்திய பரிசோதனையின் முடிவு 2020 இல் வந்தது. சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, வாரத்தைச் சரியாகக் கணக்கிட்டதும் ஆளைச் சரியாகத் தேர்ந்ததும் பிள்ளையைப் பார்க்க வசதி இருந்ததும்தான் மாறியிருந்தன. அதே ஆண்டில் பின்லாந்தில் 6 லட்சத்து 70 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, வயிற்றில் ஊசி பெற்றும் மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல்கள் கூடுதலாகத் தென்படுவதைக் காட்டியது. காரணம் ஊசியேதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தேவையற்ற ஊசி ஒன்றும் செய்யாது என்ற நிம்மதிக்கு இனி இடமில்லை.

ஆகவே றக்வானைக்கு ஒரு தனி அளவுகோல் வேண்டும். நைஸ் வழிகாட்டி ஒரு நல்ல வேலை செய்தது: 30 வாரம் நிறையாத பெண்ணுக்கு அறிகுறியும் பரிசோதனையும் குறைமாதப் பிரசவத்தைக் காட்டினால், மேற்கொண்டு சோதனை எதுவும் வேண்டாம், நேரே சிகிச்சை என்றது. அந்த வயதில் தவறவிட்டால் இழப்பு பெரிது. லண்டனுக்கே அது சரி என்றால் மலைக்கு அது பன்மடங்கு சரி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயை மாற்றுவது, பிறந்த பிறகு பிள்ளையை வண்டியில் கொண்டு ஓடுவதைவிட நல்லது. 2019 இல் இங்கிலாந்தில் 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளை வைத்து வந்த ஆய்வில், பிறந்தபின் இடம் மாற்றப்பட்டவர்களிடம் மூளைப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. எனவே 30 வாரத்துக்குக் கீழே சந்தேகம் போதும், வண்டி. 30 க்கும் 34 க்கும் இடையில்தான் கருப்பை வாயை அளப்பதற்கு உண்மையான மதிப்பு இருக்கிறது, அளப்பதற்கு ஆதார வைத்தியசாலை வரை வந்தால் போதும். நீளம் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் அன்றிரவே மலைக்கு அனுப்பாமல், மறுநாள் மறுபடி பார்த்து அனுப்புவது இந்த ஊருக்கான திருத்தம். 34 க்குப் பிறகு இரத்தினபுரிக்கு ஓட்டுவதை விட அருகிலேயே நல்ல பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் போதும். 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது, ஆனால் தோட்ட ரோடு தாங்கும் இடம் வரைக்கும்தான்.

ஓர் இரவு வாட்டில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்வது மருத்துவருக்குச் சுலபம். அந்த இரவுக்கும் அடுத்த நாளுக்கும் தோட்டச் சம்பளப் பதிவில் அந்தப் பெண்ணுக்குப் பேர் விழாது. 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச்சட்டம் தரும் 84 நாள், பிரசவத்துக்கு முன் இரண்டு வாரமும் பின் பத்து வாரமும் என்று பிரிகிறது. மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாக இருந்ததை 2018 திருத்தம்தான் எல்லாப் பிள்ளைக்கும் சமமாக்கியது. முப்பதாவது வாரத்தில் மூன்று நாள் வாட்டில் இருந்தவளுக்கு அந்த இரண்டு வாரம் இன்னும் தொடங்கவே இல்லை. நாட்கூலிக்காரி சம்பளம் இழந்து வாட்டில் கிடந்து, ஒன்றுமில்லை போ என்று அனுப்பப்பட்டு, லயத்தில் பொய் வலிக்காரி என்று கேலியும் வாங்கினால், அடுத்த முறை வலி வரும்போது சீரகத் தண்ணியோடு நின்றுவிடுவாள். அடுத்த முறை வருவது அந்த நூறில் எட்டாக இருக்கலாம். திருப்பி அனுப்பும்போது "நீங்க வந்தது நல்லது அம்மா, மறுபடி வலிச்சா மறுபடி வாங்க" என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் இருப்பது எந்தப் பஞ்சுக்குச்சிச் சோதனையையும் விட உணர்திறன் கூடியது என்று சொன்னால் மருத்துவர்கள் சிரிக்கலாம். குறைமாதக் கணிப்பில் தவறிப்போகும் பிள்ளைகள் எல்லாரும் சோதனை தவறியதால் தவறியவர்கள் இல்லை. சிலருடைய தாய்மார் இரண்டாம் தடவை சோதனைக்கு வரவே இல்லை.

செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது அனுப்பும் கடிதம். நிபுணருடன் தொலைபேசியில் பேசி, வாரம் நிச்சயம், தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முதல் ஸ்டீரொய்ட் ஊசியை றக்வானையிலேயே போட்டால், பயண நேரமும் அந்த 24 மணித்தியாலக் கணக்கில் சேரும். அதற்குக் கடிதத்தில் நாலு விஷயம் இருந்தாக வேண்டும்: வாரம் எதை வைத்துக் கணக்கிடப்பட்டது, முதல் ஸ்கேன் எப்போது எடுத்தது, இன்றைக்கு யாராவது கைவிட்டுப் பார்த்தார்களா, முதல் ஊசி எத்தனை மணிக்கு. கடைசி வரி விடுபட்டால் இரத்தினபுரியில் வாங்குகிறவருக்கு இரண்டாவது ஊசியை எப்போது போடுவது என்று தெரியாது. நிறைய நேரம் அந்த வரிதான் விடுபடுகிறது.